ஏசியில் ஐஸ் கட்டுகிறது: திரும்பவும் காஸ் அடிக்கத்தான் வேண்டுமா?

கொழும்புத்துறை அக்கா:
அப்பாவின் அறையில் 12000 பிடியூ ஏசி. போட்டதும் குளிரும், பிறகு வெறும் காற்றுதான். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஐஸ். நிறுத்தினால் அது உருகிக் கட்டிலில் சொட்டுகிறது. திருத்த வந்தவர் "காஸ் முடிஞ்சுது, அடிக்க வேணும்" என்கிறார். போன வருசமும் இதைச் சொல்லித்தான் அடித்தார். 18இல் வைத்தும் பலனில்லை. இந்தச் சித்திரை வெக்கையில் அப்பாவுக்கு நித்திரையே இல்லை.

குருநகர் ஆள்:
இரவில் வோல்டேஜ் குறைகிறதோ தெரியாது. எங்கள் பக்கம் அப்படித்தான்.

மானிப்பாய் தம்பி:
அண்ணை, வோல்டேஜ் குறைந்தால் கொம்பிரசர் திணறும், நின்றும் போகும். ஐஸ் கட்டாது.

அக்கா, காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து முடிகிற சாமான் இல்லை. குழாய்க்குள் அதே காஸ்தான் வருசக்கணக்காகச் சுற்றுகிறது. உள்ளே ஆவியாகும்போது அறைச் சூட்டை உறிஞ்சும். கொம்பிரசர் அதை வெளிப் பெட்டிக்கு இழுத்து அமுக்க, அங்கே சூட்டைக் கொட்டிவிட்டுத் திரும்பத் திரவமாகும். குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஒழுக்கை அடைக்காமல் வருசாவருசம் அடிப்பது அவருக்கு வருமானம், உங்களுக்குச் செலவு.

ஆனால் ஐஸ் என்றவுடன் காஸ்தான் என்று முடிவு கட்டவேண்டாம். பில்டரில் புழுதி அடைத்து, அறைக் காற்று போதிய அளவு உள்ளே போகாவிட்டாலும் காஸ் ஓடுகிற குழாய்ச் சுருள் பூச்சியத்துக்குக் கீழே போய், காற்றில் உள்ள ஈரம் அதிலே உறைந்துவிடும். ஐஸ் முழுக்க உருகட்டும். பில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கோ. சுருள் முழுக்கச் சமமாகப் பனி படிந்தால் காற்றோட்டக் குறை. ஒரு மூலையிலும், வெளிப் பெட்டியின் மெல்லிய குழாயிலும் மட்டும் படிந்தால் காஸ் குறைவு. 18 எல்லாம் வேண்டாம், 26 போதும்.

கொழும்புத்துறை அக்கா:
பில்டர் கழுவியாயிற்று. சுருளின் ஒரு பக்கத்தில்தான் பனி, மெல்லிய குழாயும் வெள்ளை. அந்தக் குழாய் பெட்டியோடு சேருகிற நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டியிருக்கிறது.

மானிப்பாய் தம்பி:
அந்த நட்டுத்தான் கள்ளன். கொம்பிரசர் எண்ணெய் கொஞ்சம் காஸோடு சேர்ந்தே சுற்றும், அதனால் ஒழுகுகிற இடத்தில் பிசுக்கு நிற்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். குழாயின் வாயை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டவேண்டும். பிறகு பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கவேண்டும். பெட்டி லேபிளில் எத்தனை கிராம் காஸ் என்று இருக்கும். தராசில் நிறுத்து அடிக்கச் சொல்லுங்கோ, கண்மதிப்பு வேண்டாம். காஸ் ஆர் 32 வகை என்றால் அது தீப்பற்றக்கூடியது, பக்கத்தில் நெருப்பு ஆகாது.

கொழும்புத்துறை அக்கா:
வேறு ஆளைக் கூப்பிட்டேன். நுரை வைத்ததும் குமிழி புசுபுசு என்று வந்தது, குழாய் வாயில் வெடிப்பு. மாற்றிவிட்டார், இப்போது நல்ல குளிர். இன்னொன்று தம்பி, வெளிப் பெட்டித் தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. கடற்காற்றோ?

மானிப்பாய் தம்பி:
ஓம், உப்புத்தான் அலுமினியத்தைத் தின்கிறது. மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மெல்லிய தாரையில் கழுவுங்கோ. உங்கள் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீர் எடுத்து ஊற்றுங்கோ.