வீட்டுப்பாடத்தில் கியூஆர் கோடு: வீட்டில் ஒரே செல்பேசி என்றால் என்ன செய்வது?

தாராவி அம்மா:
ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் நோட்டில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு கியூஆர் கோட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். ஸ்கேன் செய்து, காணொளி பார்த்து, விடை எழுத வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே செல்பேசி. என் கணவர் சைக்கிளில் இட்லி விற்கிறார். அந்தச் சைக்கிளிலும் ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்ததா என்று பார்க்கச் செல்பேசி அவரிடம்தான் இருக்க வேண்டும். மாலை வடை வியாபாரமும் முடித்து அவர் வரும்போது மகள் தூங்கிவிடுகிறாள். மறுநாள் விடை எழுதாதவர்களோடு எழுந்து நிற்கிறாள். புத்தகத்தைப் படித்து வரச் சொன்னால் போதாதா?

சயான் ஆசிரியர்:
அம்மா, குழந்தையை நிற்க வைத்தது தவறு. அதற்காக இந்த வசதியே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம் மகாராஷ்டிரத்தில், சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி கிராமத்தில், ரஞ்சித்சிங் டிசாலே என்ற ஆசிரியர் இருந்தார். அவருடைய மாணவிகள் வீட்டில் பேசியது கன்னடம். பாடநூல் வேறு மொழியில். அவர் கன்னடம் கற்றுப் பாடங்களை மொழிபெயர்த்தார். கவிதைகளின் ஒலிப்பதிவையும் காணொளிகளையும் கியூஆர் கோடு வழியே புத்தகத்தோடு இணைத்தார். 2020-இல் உலக ஆசிரியர் பரிசாக 10 லட்சம் டாலர் பெற்று, அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்றவர்களுக்குக் கொடுத்தார். என் தமிழ்வழி வகுப்பிலும் பல பிள்ளைகளுக்கு வீட்டில் செய்யுளைச் சீர் பிரித்துப் படித்துக் காட்ட ஆளில்லை. ஒலிப்பதிவு அந்தக் குறையைத் தீர்க்கிறது.

தாராவி அம்மா:
அவர் பெரியவர், வணங்குகிறேன். என் மகளுக்கு இன்று மாலை ஐந்து மணிக்குச் செல்பேசி யார் கொடுப்பார்கள்?

முலுண்ட் வாசகர்:
நானும் அம்மாவின் பக்கம்தான். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது இந்தக் கியூஆர் கோடு. கோட்டுக்குள் பாடம் இல்லை. பெரும்பாலும் ஓர் இணைய முகவரிதான். என் மகனின் துணைநூலில் பாதி முகவரிகள் ஓராண்டிலேயே திறக்கவில்லை. பாடத்தையே உள்ளே வைக்கலாமே என்பார்கள். ஒரு கோட்டில் அடங்கும் உச்ச அளவு 2,953 பைட் (கணினித் தரவின் அலகு). தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். ஆயிரம் குறிகூட அடங்காது. ‘கா’ என்ற ஓர் எழுத்தே க, கால் என இரண்டு குறி. அவ்வளவையும் திணித்தால் கோட்டின் கட்டங்கள் நெருங்கிவிடும்; மலிவான கேமரா படிக்கத் திணறும்.

சயான் ஆசிரியர்:
முகவரி செத்துப்போவது உண்மை; மறுக்கவில்லை. ஆனால் செல்பேசி மாணவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பிளிக்கர்ஸ் என்ற செயலியின் முறையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் கியூஆர் போன்ற குறி அச்சிட்ட ஒரு காகித அட்டை இருக்கும். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள்; எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறதோ அதுவே அந்தப் பிள்ளையின் விடை. ஆசிரியரின் ஒரே செல்பேசி வகுப்பு முழுவதையும் படித்துவிடும். கூச்சத்தில் கை தூக்காத பிள்ளையும் பதில் சொல்கிறது. ஒலிப்பதிவையும் நான் வகுப்பிலேயே சிறிய ஒலிபெருக்கியில் போடுகிறேன்.

முலுண்ட் வாசகர்:
அதுவானால் எனக்கு மறுப்பில்லை. வீட்டுப்பாடத்துக்கு மட்டும் கூடாது.

சயான் ஆசிரியர்:
முழுவதும் கூடாது என்பதை ஏற்க மாட்டேன் ஐயா. வசதி இருக்கும் பிள்ளை இன்னொரு முறை கேட்கட்டும். மதிப்பெண் மட்டும் அதற்கு வேண்டாம்.

தாராவி அம்மா:
மதிப்பெண் இல்லாவிட்டாலும், பார்த்து வந்த பிள்ளைக்குப் பாடம் முன்பே தெரிந்திருக்கும் அல்லவா? இவள் மறுபடியும் பின்னால்தான். வகுப்பில் எல்லோருக்கும் ஒருமுறை போட்டுக் காட்டிய பிறகே வீட்டுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்.