மறு: கனெக்டருக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம், நெட்வொர்க் படத்த எதுல வரையலாம்

வணக்கம் எல்லாருக்கும்,

பாலிடெக்னிக் லேப் கையேட்டுல நெட்வொர்க் படம் வரையிற அத்தியாயத்துக்கு உதவி கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வந்த பதில்கள்ல ரெண்டு பேச்சு கலந்து ஓடுது. எந்த மென்பொருள்ல வரையிறதுன்றது ஒண்ணு, படத்துல ஒரு சாதனத்தக் காட்டுற பெட்டியையும் இன்னொரு பெட்டியையும் சேக்குற கனெக்டர்ன்ற கோட்டுக்கு தமிழ்ல என்ன பேர்ன்றது இன்னொண்ணு. பிரிச்சு பதில் எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா ரெண்டும் ஒரே இடத்துல போய் முட்டுது, அதனால சேத்தே எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

> படம்தானே, பெயின்ட்ல வரைஞ்சா என்ன? பசங்களுக்கு அதுதான் பழக்கம்.

வரையலாம், பாக்கவும் நல்லாத்தான் இருக்கும். அடுத்த மாசம் லேப்ல ஒரு நெட்வொர்க் சுவிட்ச்ச (பல மெஷின் கேபிள ஒண்ணா சேக்குற பெட்டி) இந்த ரேக்ல இருந்து அந்த ரேக்குக்கு மாத்துவாங்க பாருங்க, அப்பத்தான் வினையே. 24 போர்ட் சுவிட்ச்னா அதுல இருந்து போற அத்தன கோட்டையும் அழிச்சு திரும்ப வரையணும், யாரும் வரைய மாட்டாங்க, படம் பழசாவே சுவத்துல தொங்கும். பெயின்ட்டுக்கு கோடுன்னா கலர் அடிச்ச புள்ளிங்க, அவ்ளோதான். விசியோ, டியா, டிரா டாட் ஐஓ, லிப்ரெஆபிஸ் டிரா மாதிரி படம் வரையிறதுக்குன்னே இருக்கற மென்பொருள்ல எல்லாம் கோட்டோட முனை பெட்டியப் பிடிச்சுக்கும், பெட்டி நகந்தா கோடும் கூடவே வரும். டிரா டாட் ஐஓ ஃபைல டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க, பெட்டியோட சரியா ஒட்டின கோட்டுக்கு சோர்ஸ், டார்கெட்னு ரெண்டு பெட்டியோட ஐடியும் எழுதி இருக்கும். ஒட்டாம பக்கத்துல சும்மா வச்ச கோட்டுக்கு எக்ஸ் ஒய் எண்ணு மட்டுந்தான் இருக்கும். திரையில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், அதான் ஏமாத்து.

ஆக ஒரு மென்பொருள எடைபோட என்னோட முதல் கேள்வி இதுதான்: அதுல போட்ட கோட்டுக்கு தன்னோட ரெண்டு முனையும் யார்கிட்ட இருக்குன்னு தெரியுமா? ஐகான் அழகு, கலர் எல்லாம் அப்புறம்.

இப்ப பேருக்கு வரேன்.

> கனெக்டர் = இணைகோடு. நேரடியா இருக்கு, இதையே வச்சுடலாம்.

இதுக்கு நிறைய பேர் கை தூக்கி இருக்கீங்க, ஆனா நம்ம பள்ளிக்கூட கணக்குப் புத்தகத்துல இணைகோடுன்னா எங்கயும் சந்திக்காத ரெண்டு கோடு. ரெண்டு பெட்டிய சந்திக்க வைக்கிற கோட்டுக்கு அந்தப் பேரு எப்படி வைக்கிறது? டிப்ளமோ முதல் வருஷப் பையன் பத்தாங்கிளாஸ் முடிச்சு நேரா வரான், அவன் மண்டையில அது பசுமையா இருக்கும். தொடுகோடுன்னு இன்னொருத்தர் சொல்லி இருந்தாரு, அது வட்டத்த ஒரு புள்ளியில மட்டும் தொட்டுட்டு போறது, வெட்டுக்கோடும் அதே பாடத்துல போயிடுச்சு. வடிவியல்காரங்க நல்ல பேர எல்லாம் முன்னாடியே பிடிச்சு வச்சுட்டாங்க! இணைப்புக்கோடுன்றது தப்பில்ல, ஆனா கேபிள், லிங்க், மெயில் அட்டாச்மென்ட் எல்லாத்துக்கும் இணைப்புன்னே சொல்லிட்டு இருக்கோம், "இணைப்புக்கோட்டை இணைப்பின் மேல் வைத்து இணைக்கவும்"னு எழுதுனா படிக்கிறவன் புத்தகத்த மூடிடுவான்.

என் ஓட்டு "ஒட்டுக்கோடு". விசியோவுல இந்த வேலைக்கே க்ளூ, அதாவது பசைன்னுதான் பேரு, லிப்ரெஆபிஸ்லயும் கோடு போய் ஒட்டுற இடத்த க்ளூபாயின்ட்னுதான் சொல்றாங்க, அது நமக்கு தானா "ஒட்டுப்புள்ளி" ஆயிடும். வினைச்சொல்லும் கூடவே கிடைக்குது பாருங்க, ஒட்டு, ஒட்டிருச்சா, ஒட்டல, பிச்சு எடு. லேப்ல பையன்கிட்ட "டேய் அந்தக் கோடு ஒட்டல பாரு"ன்னா விளக்கமே வேணாம். கோடு என்ன பண்ணுதுன்றது பேர்லயே இருக்கு.

> ஒட்டு என்றால் ஒட்டுப்போட்டது, மட்டமானது என்ற தொனி வருகிறதே?

ஒட்டுத்துணி, ஒட்டுவேலைன்னு சொல்றப்ப வரும்தான். ஒட்டுமாங்கன்னா யாராவது மட்டமா நினைக்கிறோமா, விலை கூடத்தான் விக்குது. இது நிக்கும்னுதான் எனக்குப் படுது. பிடிகோடுன்னு ஒருத்தர் தனி மடல்ல சொன்னாரு, அதுவும் நல்லா இருக்கு, பெரும்பாலானவங்க அதுதான்னா நான் சண்டைக்கு வர மாட்டேன்.

நெட்வொர்க் டயகிராமுக்கு "பிணையப்படம்" போதும், பாய்வுப்படம் மாதிரி சுருக்கமா. வரைபடம்னு போட்டா பாதி பேரு மேப்னு நினைப்பாங்க, பாதி பேரு கிராஃப் தாள எடுத்துருவாங்க. பிணையம்னா பேங்க்ல ஜாமீன்ன்ற ஆட்சேபம் தெரியும், அதுக்காக இந்த விவாதத்த இன்னொரு வருஷம் இழுக்க வேணாம். இலங்கை நண்பர்கள் வலையமைப்புன்னே எழுதுங்க, ரெண்டும் புரியும்.

அதுக்குக் கீழ ரெண்டு வகைக்குத்தான் கண்டிப்பா தனித்தனி பேர் வேணும். எந்த போர்ட்ல இருந்து எந்த கேபிள் எந்த ரேக்குக்கு போகுதுன்னு காட்டுறது ஒரு படம், எந்த சப்நெட் (நெட்வொர்க்கோட உட்பிரிவு) எந்த ரவுட்டர் வழியா எங்க போகுதுன்னு காட்டுறது இன்னொரு படம். 1969ல நாலே நாலு இடத்த வச்சு ஆரம்பிச்ச, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டு 70கள்ல வளந்தப்ப, அமெரிக்கா மேப் மேல கோடு போட்டு ஒரு படமும், எந்த ஊருன்ற கவலையே இல்லாம எதோட எது சேந்திருக்குன்னு மட்டும் காட்டுற இன்னொரு படமும் தனித்தனியாத்தான் வெளியிட்டாங்க. நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒரே ஏ4 தாள்ல திணிச்சு விலான் நம்பர், ஐபி, கேபிள் கலர், மாடி எண்ணு எல்லாத்தையும் போடுவாங்க, ஒண்ணும் விளங்காது. இந்த ரெண்டுக்கும் (பிசிகல், லாஜிகல்) "பருநிலைப் படம், தருக்கநிலைப் படம்"னு ஒரு பரிந்துரை இருக்கு, மன்னிக்கணும், எனக்கே ரெண்டு தடவ படிச்சாத்தான் புரியுது. கேபிள்படம், முகவரிப்படம்னு வச்சா என்ன? கேபிள்ன்றது கடன் சொல்லுதான், ஆனா கேபிள் டிவி வந்ததுல இருந்து அது தெரியாத வீடு கிடையாது.

சரி, மென்பொருள்.

> விசியோதான் கம்பெனிகள்ல கேக்குறாங்க, அதையே சொல்லிக் குடுக்கலாமே?

நல்ல மென்பொருள்தான், தனிக் கம்பெனியா இருந்தத மைக்ரோசாஃப்ட் 2000ல வாங்குச்சு, அப்புறம் ஆபிஸ் குடும்பம் ஆயிடுச்சு. ஆனா டெஸ்க்டாப் விசியோ விண்டோஸ்ல மட்டும்தான், லைசென்ஸுக்கு காசு, எங்க லேப் மாதிரி லினக்ஸ் மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு ஆகாது. வெளில இருந்து வர்ற விசியோ ஃபைல லிப்ரெஆபிஸ் டிராவுல திறக்கலாம், 2012ல வந்த 3.5ல இருந்தே அந்த வசதி இருக்கு, ஆனா வடிவம் கொஞ்சம் கலைஞ்சு வரும்.

கையேட்டுக்கு நான் டிரா டாட் ஐஓவ முதல்ல வைக்கிறேன். பிரௌசர்லயும் ஓடும், நெட் இல்லாத லேப்ல டெஸ்க்டாப் வெர்ஷனும் போட்டுக்கலாம். நெட்வொர்க் சாதனம் செய்யிற சிஸ்கோ கம்பெனியோட ஐகான் எல்லாம் உள்ளேயே இருக்கு. அந்த ஐகான்கள சும்மா பயன்படுத்திக்கலாம், மாத்தக் கூடாதுன்றது சிஸ்கோவோட நிபந்தனை, அதனால கலர் மாத்தி விளையாட வேணாம்னு ஒரு வரி போட்டுடுறேன். ஒட்டுக்கோட்டோட ரெண்டு முனையிலயும் தனித்தனியா எழுத்து வைக்க முடியறதால கேபிள்படத்துக்கு போர்ட் நம்பர் எழுத வசதி. ஃபைல் ப்ராப்பர்டீஸ்ல கம்ப்ரெஸ் டிக்க எடுத்துட்டு கிட்ல (ஃபைல்ல நடக்குற மாத்தங்கள பதிஞ்சு வைக்கிற மென்பொருள்) போட்டா யாரு எந்தக் கோட்ட மாத்துனாங்கன்னு வரி வரியா தெரியும்.

டியா லேசா ஓடும், பழைய மெஷினுக்கு நல்லது, ஆனா வளர்ச்சி ரொம்ப மெதுவா போயிட்டு இருக்கு. ஒய்எட் இலவசம் ஆனா திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்) கிடையாது, பெட்டிங்கள தானா ஒழுங்கா அடுக்குறதுல மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். பாக்கெட் டிரேசரையும் ஜிஎன்எஸ்3யையும் பட்டியல்ல சேக்கச் சொன்னவங்களுக்கு: அதுங்க நெட்வொர்க்க ஓட்டிப் பாக்குறதுக்கு, வேற அத்தியாயம்.

எனக்கு நிஜமா பிடிச்சது கிராஃப்விஸ், ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடத்துல பொறந்தது. அதுல நீங்க கோடே வரைய மாட்டீங்க, சுவிட்ச்1க்கும் சுவிட்ச்2க்கும் தொடர்புன்னு எழுதுனா போதும், எங்க வைக்கிறதுன்னு அதுவே கணக்கு போட்டுக்கும். ஒட்டாத கோடுன்ற பேச்சுக்கே அங்க இடம் இல்ல. சுவிட்ச்ல எல்எல்டிபி (பக்கத்து சாதனங்க ஒண்ணுக்கொண்ணு தன்ன அறிவிச்சுக்கிற முறை) ஆன்ல இருந்தா பக்கத்துல யாரு இருக்காங்கன்னு அதுவே சொல்லும், அந்த அவுட்புட்ட ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் வச்சு கிராஃப்விஸ் படிக்கிற டாட் ஃபைலா மாத்திட்டா கேபிள்படம் தானா வந்துடும். முகவரிப்படத்துக்கு, இதே மாதிரி எழுதிக் குடுத்தா படம் போடுற என்டபிள்யூடயக் இன்னும் பொருத்தம், சப்நெட்ட ஒரு பட்டையா போட்டு மெஷின்கள அதுல இருந்து தொங்க விடும். ஆனா மௌஸே தொடாம படம் வரையிறது எல்லாப் பசங்களுக்கும் பிடிக்காது, அதனால ரெண்டாவது பாதியில வைக்கிறேன்.

தமிழ்ல லேபிள் எழுதறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. கிராஃப்விஸ் பெட்டியோட அகலத்த தன்கிட்ட இருக்கற ஃபாண்ட்ட வச்சு கணக்கு போடும், அதுல இருந்து வர்ற எஸ்விஜி பட ஃபைல வேற ஃபாண்ட் இருக்கற மெஷின்ல திறந்தா "முதன்மை வழங்கி" மாதிரி நீளமான சொல் பெட்டிக்கு வெளிய துருத்திட்டு நிக்கும், ஃபாண்ட் பேர கண்டிப்பா குறிப்பிடுங்க, அந்த ஃபாண்ட் ரெண்டு மெஷின்லயும் இருக்கணும். டிரா டாட் ஐஓ எஸ்விஜிய இங்க்ஸ்கேப்ன்ற பட எடிட்டர்ல திறந்தா எழுத்து சரியா வராம போகலாம், ஏற்றுமதிக்கு முன்னாடி அந்தப் பெட்டியில வேர்ட் ராப்பையும் ஃபார்மேட்டட் டெக்ஸ்டையும் எடுத்துடணும். அச்சுக்குப் போறப்ப இதுலதான் மாட்டுவோம்.

பாக்கி இருக்கறது ஸ்டென்சில், அதாவது ஐகான் எல்லாம் அடுக்கி வச்சிருக்கற அந்த ஓரப்பலகை. "உருத்தட்டு"ன்னு ஒண்ணு ஓடுது, முழு மனசா இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற யாராவது சொன்னா அதப் போடுறேன், இல்லாட்டி ஸ்டென்சில்னே அச்சுக்கு போயிடும்.