மறுமொழி: மலைச் சைக்கிளின் பின் டயர் – சீலன்ட், கேசிங் இரண்டுக்கும் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தமிழில் எழுதிவரும் மலைச் சைக்கிள் கையேட்டில் மற்ற பக்கங்கள் எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன. பின் டயர் பக்கம் மட்டும், உள்ளே டியூப் இல்லாத டயரைக் குறிக்கும் 'டியூப்லெஸ்' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்பதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. குழலிலி, தூம்பிலி, உள்குழாயற்ற பட்டை என்று நல்ல நல்ல முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். மூன்றுமே டயருக்குள் என்ன இல்லை என்பதைத்தான் சொல்கின்றன. கடையில் நின்று பின் டயரைத் தேர்ந்தெடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஆகவே டியூப்லெஸ் டியூப்லெஸ்ஸாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஊரில் எந்தப் பஞ்சர் கடையிலும் அந்தச் சொல் புழங்குகிறது. நம் உழைப்பை வேறு இரண்டு சொற்களில் போடலாம்: ஒன்று துளையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலன்ட், இன்னொன்று ரப்பருக்கு அடியில் இழைகளால் ஆன டயரின் உடலான கேசிங்.

முதலில் சீலன்ட். பைக், கார் டியூப்லெஸ் டயர் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. அந்த டயர்களின் உட்புறத்தில் காற்றுப் புகாத ரப்பர்ப் பூச்சு இருக்கிறது. ரிம்மில் ஏற்றிக் காற்றடித்தால் போதும். சைக்கிளிலும் அப்படித்தான் தொடங்கினார்கள். 1999இல் மாவிக் நிறுவனம் மிஷெலின், ஹட்சின்சன் நிறுவனங்களோடு சேர்ந்து கொண்டுவந்த யுஎஸ்டி முறையில் டயர் தானாகவே காற்றைப் பிடித்து வைத்தது. ஆனால் கனமாக இருந்தது. இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 'டியூப்லெஸ் ரெடி' வகை. எடையைக் குறைக்க அந்த உட்பூச்சை விட்டுவிட்டார்கள். வெள்ளைத் திரவத்தை உள்ளே ஊற்றினால்தான் டயரின் நுண்துளைகள் அடைபட்டுக் காற்று நிற்கும். அதாவது சீலன்ட் அந்த டயரின் ஒரு பாகம். 'ரெடி' என்ற ஒட்டு இதைச் சொல்வதே இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர்களுக்கு இந்தத் திரவம் புதிதல்ல. பெரும்பாலான சீலன்ட்டின் அடிப்படை லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால். ரப்பர்த் தோட்டத்தில் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். பல சீலன்ட் புட்டிகளைத் திறந்தாலும் அதே நெடிதான் மூக்கில் ஏறும். பால்வெட்டு முடிந்தபின் பட்டையின் வெட்டுவாயில் வடிந்து காய்ந்து ஒட்டிக்கொள்வதை அங்கே ஒட்டுப்பால் என்கிறார்கள். டயரில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். நெருஞ்சி முள் குத்திய இடத்தில் முள்ளைப் பிடுங்கினால் 'உஸ்' என்று சத்தம் வரும். சக்கரத்தைச் சுழற்றித் துளையைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினால் வெள்ளைக் குமிழிகள் நுரைத்து நுரைத்து வரும், பிறகு சத்தம் அடங்கிவிடும். விரலால் தடவினால் துளையின் வாயில் ரப்பர்ப் பொருக்கு தட்டுப்படும். அந்தப் பொருக்குக்கு 'ஒட்டுப்பால்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஊற்றும் திரவத்துக்கு 'அடைபால்' என்பது என் முன்மொழிவு. அடைத்த, அடைக்கிற, அடைக்கும் பால் என்று விரியும் வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

லேடெக்ஸ் சேராத சீலன்ட்டுகளும் உண்டே, அவற்றைப் பால் என்று சொல்வது சரியா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கள்ளிப்பால், எருக்கம்பால், தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே பொருளால் ஆனவை அல்ல. தமிழில் 'பால்' அந்த அளவுக்கு இடம் கொடுக்கிற சொல்தான். டியூப்லெஸ் ரெடி வகையை 'அடைபால் டயர்' என்று எழுதினால், வாங்குகிறவர் கடைக்காரரிடம் தானாகவே கேட்பார்: பால் எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்போது மாற்ற வேண்டும்? 29 அங்குலச் சக்கரத்தில் 2.4 அங்குல அகல டயருக்குச் சுமாராக 100 முதல் 120 மில்லி. காய்ந்துகொண்டே இருக்கும் என்பதால் சில மாதங்களுக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம்.

அடுத்தது கேசிங். பின் டயரைப் பொறுத்தவரை எனக்கு இதுதான் முக்கியம். ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல் இருக்கிறது. முன் சக்கரத்தைக் கைப்பிடியால் தூக்கி, திருப்பி, பாறையைத் தாண்டிவிடலாம். பின்னால் வருவது அதே பாறையில் நேராகப் போய் இடிக்கும். மிதிக்கும் விசையும் அதன் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. பிரேக் பிடித்தால் இழுபட்டுத் தேய்வதும் அதுதான். பின் டயருக்கு மட்டும் ஒரு படி தடிப்பான கேசிங் போடுவது இதனால்தான். டியூப் இல்லாததால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும் பஞ்சர் போய்விட்டது. ஆனால் காற்று குறைவாக இருந்தால் டயரே அங்கே நசுங்கி வெட்டுப்படும். அந்த வெட்டை எந்தப் பாலும் அடைக்காது. பஞ்சர் கடையில் ஊசியில் கோத்துச் செருகுவார்களே, அந்த ரப்பர்த் திரிதான் கை கொடுக்கும். வெட்டு பெரிதானால் அதுவும் போதாது.

இந்த கேசிங்குக்கு வந்த சொற்களில் 'உறை'யை நான் ஏற்கவில்லை. உறை என்றால் மேலே போர்த்துவது. இது டயருக்கு உள்ளிருந்து அதைத் தாங்குவது. ரப்பர்தான் இதன் மேல் போர்த்தப்படுகிறது. 'நெய்யுடல்' அழகான சொல். ஆனால் அதில் ஒரு பொருட்பிழை இருக்கிறது. இன்றைய டயரின் நைலான் இழைகள் நெய்யப்படுவதில்லை. ஒரே திசையில் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும் இழைகளை ரப்பரில் தோய்த்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் ஓர் அடுக்காகவும், எதிர்ச்சாய்வில் இன்னோர் அடுக்காகவும் வைக்கிறார்கள். ஆரம்ப காலக் காற்று டயர்களில் நெய்த கித்தான் துணிதான் இருந்தது. பாவும் ஊடும் ஒன்றையொன்று அராவி அறுத்துக்கொண்டதால்தான் அதைக் கைவிட்டார்கள். நெசவைச் சொல்லும் சொல் அந்தக் கைவிட்ட முறையைத்தான் குறிக்கும். 'இழைக்கூடு' என்று வைக்கலாமா? இழையால் ஆனது, வடிவத்தைத் தாங்குவது, இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. இழைக்கூட்டின் பக்கவாட்டுக்கு, அதாவது சைட்வாலுக்கு, 'விலா' போதும். பக்கச்சுவர் என்று நீட்ட வேண்டாம்.

டிபிஐ என்ற எண்ணுக்கும் இதோடு சேர்த்தே சொல் வைத்துவிடலாம். ஓர் அங்குலத்தில் எத்தனை இழைகள் என்பதுதான் அது. 120 போட்டிருந்தால் 60ஐவிட இரு மடங்கு உறுதி என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. உண்மை வேறு. 120இல் இழைகள் மெல்லியவை, நெருக்கமானவை. டயர் இளகி வளையும், எடை குறையும். 60இல் இழைகள் தடித்தவை, நடுவில் ரப்பர் அதிகம். கல் கீறினால் தாங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கான்டினென்டல் நிறுவனம் 3/180 என்று போட்டால், மூன்று அடுக்கில் அடுக்குக்கு 60 என்று பொருள். 'இழை எண்' என்று மொழிபெயர்த்தால் 180ஐ அப்படியே எடுத்துக்கொண்டு ஏமாறுவோம். 'இழையடர்த்தி' என்றால் ஓர் அடுக்கின் கணக்கு என்பது சொல்லிலேயே தெளிவாகிறது. அடுக்கைத் தனியே எழுதிவிடலாம்: ஓரடுக்கு, ஈரடுக்கு. மேக்சிஸ் நிறுவனத்தின் டபுள்டவுன் போன்ற இழைக்கூடுகள் ஈரடுக்கு, இழையடர்த்தி 120. அதே டயரின் இலேசான வகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 200 கிராம் கூடும். மேட்டில் அந்த எடை காலுக்குத் தெரியும். இருந்தாலும் கற்கள் நிறைந்த இறக்கத்தில் ஓட்டுபவருக்கு அதைத்தான் சொல்வேன்.

டிரெட், அதாவது டயரின் தரையில் படும் மேற்பரப்பு, பற்றிய விவாதம் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். 'மேற்புற முகிழ்ப்பு' போன்றவை யார் வாயிலும் நுழையாது. டயர் கடையில் 'பட்டன்' என்கிறார்கள், தேய்ந்துபோனால் 'மொட்டை' என்கிறார்கள். நடுப்பட்டன், ஓரப்பட்டன் என்று பிரித்துக்கொண்டால் பின் டயர் பற்றி எல்லாமே சொல்லிவிடலாம். காய்ந்த கெட்டித் தரையில் நடுப்பட்டன் தாழ்வாக இருந்தால் உருளல் எளிது. நீலகிரியில் மழைக்குப் பிறகு களிமண் அப்பிக்கொள்ளும் பாதைகளில் பட்டன்கள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும், இல்லையென்றால் சேறு உதிராது. மேக்சிஸின் மினியன் டிஎச்ஆர் என்ற டயர்ப் பெயரின் கடைசி எழுத்து பின் சக்கரத்தைக் குறிப்பது. பிரேக் பிடிக்கும்போது மண்ணை எதிர்த்து நிற்கும் வகையில் அதன் நடுப்பட்டன்கள் அமைந்திருக்கின்றன. பலர் அதையே முன்னாலும் போடுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது.

'பர்ப்' என்பதற்கு 'ஏப்பம்' வேண்டவே வேண்டாம். நம் மொழியில் ஏப்பம் விட்டான் என்றால் ஊர்ப் பணத்தை விழுங்கினான் என்று அர்த்தம். வேகமாக வளையும்போது டயரின் ஓரம் ரிம்மிலிருந்து ஒரு கணம் பிரிந்து காற்று தப்பிப்பதைத்தான் பர்ப் என்கிறார்கள். டயரின் அந்த ஓரத்தைக் 'கரை' என்போம், வேட்டிக்குச் சொல்வது போல. மடித்து வைக்கக்கூடிய மடக்கு டயர்களில் அங்கே எஃகுக் கம்பிக்குப் பதில் அராமிட் என்ற உறுதியான செயற்கை இழை இருப்பதால் 'கம்பி' பொருந்தாது. 'தையல் விட்டது' என்கிறோம் அல்லவா, அதே வழக்கில் 'கரை விட்டது' என்று எழுதலாம்.

கையேட்டில் எப்படி வரும் என்று பார்க்க ஒரு பதிவை எழுதிப் பார்த்தேன்:

"பின் டயர், 61-622, அடைபால் வகை. இழைக்கூடு ஈரடுக்கு, இழையடர்த்தி 120. விலாவில் கூடுதல் காப்பு. நடுப்பட்டன் தாழ்வு, ஓரப்பட்டன் உயரம். ரப்பர்க் கலவையின் கடினம் 60 (ஷோர் ஏ அளவு). முன் டயருக்கு இதைவிட மென்மையான கலவை. அடைபால் 120 மில்லி. காற்று முன் டயரைவிட 2 முதல் 3 பிஎஸ்ஐ கூடுதல். கரை விட்டால் இன்னும் 1 பிஎஸ்ஐ ஏற்றவும்."

61-622 என்பதையும் ஒரு வரியில் விளக்கிவிடலாம். 61 மில்லிமீட்டர் அகலம், 622 மில்லிமீட்டர் ரிம் விட்டம். 29 அங்குலம் என்று சொல்லும் சக்கரமும் ரோடு சைக்கிளின் 700சி சக்கரமும் இந்த 622இல் ஒன்றுதான். 27.5 அங்குலம் என்றால் 584. அங்குலக் கணக்கில் குழம்புவதைவிட டயரின் விலாவில் அச்சிட்டிருக்கும் இந்த எண்ணைப் படிக்கச் சொல்லித் தருவது நல்லது.

ரிம்மைக் காக்க உள்ளே போடும் நுரை வளையத்துக்கு, அதாவது இன்செர்ட்டுக்கு, எனக்கு இன்னும் சரியான சொல் அமையவில்லை. 'உள்திண்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். திண்டு சாய்ந்துகொள்வது என்பதால் தயங்குகிறேன். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள். ரப்பர்த் தோட்டப் பக்கம் இருப்பவர்கள், 'அடைபால்' என்ற சொல் அங்கே வேறு எதற்காவது ஏற்கெனவே வழங்குகிறதா என்று விசாரித்துச் சொன்னால் பதிவை முடித்துவிடலாம்.

அன்புடன்.