8 ஆங்ஸ்ட்ராமில் நிற்கும் படிகம்: கோளாறு குளிரூட்டலிலா, புரதத்திலா?

துளிக்கிணறு: எக்ஸ்ரேயில் வடிவம் பார்க்க ஒரு புரதத்தைப் படிகமாக்கியிருக்கேன். கிணற்றுக் கரைசல்: 20% பெக் 3350 (புரதத்தைப் படியவைக்கும் பாலிமர்), 0.2 மோலார் அம்மோனியம் சல்பேட், பிஸ்-டிரிஸ் பிஎச் 6.5. லட்சணமான படிகங்கள், விளிம்பெல்லாம் கூர்மை. பனி பிடிக்காமலிருக்க 25% கிளிசராலில் முக்கித் திரவ நைட்ரஜனில் போட்டால், எக்ஸ்ரே படத்தின் நுணுக்கம் 8 ஆங்ஸ்ட்ராமைத் தாண்ட மாட்டேங்குது (எண் குறையக் குறைய நல்லது). படத்தில் பனிக்கட்டியைக் காட்டும் வளையம் இல்லை. கைடு கன்ஸ்ட்ரக்டை (புரதத்தின் எந்தப் பகுதியைத் தயாரிக்கிறோம் என்ற வடிவமைப்பை) மாற்றச் சொல்றார். அவசியமா?

லூப்பாண்டி: பொறுங்க. கிணற்றுக் கரைசல் மேலேயே கிளிசராலை ஊற்றினீங்களா? அப்படின்னா பெக் 15 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், படிகம் கரைய ஆரம்பிச்சிருக்கும். ஸ்டாக்கிலிருந்து புதுசாக் கலக்கணும்: பெக் 22, கிளிசரால் 20, உப்பும் பஃபரும் அதே அளவு. 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் பனி வளையம் வரலைன்னா தண்ணீர் கண்ணாடியா உறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். படிகம் பிழைச்சதாங்கறது வேற கேள்வி.

டேக்வெட்டி: க்ரையோவையே (உறைய வைக்கிற முறையையே) நோண்டிக்கிட்டிருந்தா ஃபெல்லோஷிப் முடிஞ்சிடும். ஹிஸ்-டேக் (சுத்திகரிக்கப் புரதத்தில் ஒட்டுற வால்) இருக்கா? ஆல்ஃபாஃபோல்டில் (புரத வடிவத்தைக் கணிக்கும் ஏஐ) ஆரஞ்சு நிறத்தில், அதாவது வடிவம் நிச்சயமில்லாம, எவ்வளவு தொங்குது?

துளிக்கிணறு: ஊற்றித்தான் கலந்தேன். டேக் இருக்கு. சி-முனையில் 25 அமினோ அமிலம் ஆரஞ்சு.

டேக்வெட்டி: வேறென்ன சாட்சி வேணும்? வால் ஆடுற புரதம் அடுக்கில் ஒழுங்கா உட்காராது. வெட்டிட்டு வாங்க.

ஜெல்_ராஜா: புரதமே இல்லாம உப்புப் படிகமா இருக்கப் போகுது, ஒண்ணை நசுக்கிப் பாருங்க.

லூப்பாண்டி: உப்புன்னா தாழ்கோணத்தில் இப்படிப் புள்ளிகளே வராது ராஜா.
துளிக்கிணறு, உறைய வைக்காம ஒரு படிகத்தை லூப்பில் (படிகம் அள்ளும் சின்ன வளையத்தில்) எடுங்க. மேலே பிளாஸ்டிக் குழாய் மாட்டி, நுனியில் ஒரு சொட்டுக் கிணற்றுக் கரைசல் விடுங்க, காயாது. லேபில் இருக்கிற காப்பர் ஆனோடு எக்ஸ்ரே கருவியிலேயே 90 டிகிரி இடைவெளியில் இரண்டு படம். அதிலும் 8 என்றால் டேக்வெட்டி சொல்றதுதான் சரி.

டேக்வெட்டி: அறை வெப்பநிலையில் கதிர்ச்சேதம் பல பத்து மடங்கு வேகம். படிகம் அதோட போச்சு.

லூப்பாண்டி: போகட்டுமே. முழு டேட்டாவா கேட்டேன்? இந்தூர் சிங்க்ரோட்ரானில் பிஎல்-21 எக்ஸ்ரே நிலையத்துக்கு நேரம் வாங்கி, கெட்டுப்போன படிகங்களைக் கொண்டுபோய் நிற்பதைவிட இது மலிவு.

துளிக்கிணறு: எடுத்தாச்சு. 4 ஆங்ஸ்ட்ராம் வருது! அலகு செல்லின் (அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் பெட்டியின்) அளவும் கிடைச்சது. அதை வச்சுப் போடும் மேத்யூஸ் கணக்குப்படி கரைப்பான் 68%.

லூப்பாண்டி: அப்போ பாதியைக் கெடுத்தது கிளிசரால்தான்.

டேக்வெட்டி: மீதிப் பாதி? 68% என்றால் படிகத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பட்டும் படாமலும் தொட்டுக்கிட்டிருக்கு. 4 ஆங்ஸ்ட்ராமில் ஹெலிக்ஸ் (சுருள்) தெரியும், லைகண்ட் (புரதத்தில் ஒட்டும் சின்ன மூலக்கூறு) எப்படி உட்கார்ந்திருக்குன்னு நம்பிச் சொல்ல முடியுமா?

லூப்பாண்டி: அவ்வளவு தண்ணீர் இருக்கறதாலதான் உலர்த்திப் பார்க்கலாம். கிணற்றில் பெக்கை 25, 30, 35 என்று படிப்படியா ஏற்றி, ஒவ்வொரு படியிலும் துளியைச் சில மணி நேரம் விடுங்க. அடுக்கு சுருங்கினா 3க்கும் வரலாம். விரிசல் விட்டாலும் நஷ்டம் ஒரு துளிதான்.

டேக்வெட்டி: வரலாம், வராமலும் போகலாம். உலர்த்துறது லாட்டரி. வாலில்லாத கன்ஸ்ட்ரக்டுக்கான ப்ரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) வர்ற வரைக்கும் காத்திருக்க மனசில்லைன்னா, அடுத்த தட்டில் புரதத்தோட ட்ரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) 1:1000 கலந்து விடுங்க. வாலை அதுவே கடிச்சுத் துப்பிடும்.

துளிக்கிணறு: ட்ரிப்சின் புரதத்தின் நடுவில் தளர்வா இருக்கிற லூப்பையும் (வளைவையும்) கடிச்சா?

டேக்வெட்டி: முதல்ல ஐஸில் வச்சு 10, 30, 60 நிமிஷத்தில் எடுத்து ஜெல் ஓட்டி, துண்டுகளை அளவுப்படி பிரிச்சுப் பாருங்க. ஒரே ஒரு பட்டை நிலைச்சு நின்னா தட்டு போடுங்க. ரெண்டு மூணா உடைஞ்சா கைமோட்ரிப்சின் (வேற இடங்களில் வெட்டும் நொதி) போட்டுப் பாருங்க.

லூப்பாண்டி: பழைய தட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பெக் 25 இன்னிக்கே ஏற்றலாம்.