வைத்தியசாலை விடுதியின் காற்றை நாமே அளக்கலாமா?

கேள்வி:
அண்மையில் யாழ்ப்பாணத்து வைத்தியசாலையொன்றில் அம்மாவுக்குத் துணையாக ஐந்து இரவுகள் தங்கினேன். நுளம்புக்கும் மழைத் தூவானத்துக்கும் அஞ்சி மாலையிலேயே யன்னல்களைச் சாத்திவிடுவார்கள். விடுதி நிறைய ஆட்கள் இருக்க, இருமல் ஓயாத அந்த அறையின் காற்றையே விடியும்வரை எல்லோரும் சுவாசித்தோம். காபனீரொட்சைட்டு அளக்கும் சிறு கருவியால் இதை ஆராய்ந்து, நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் ஊடாக மக்களுக்கு எடுத்துச் சொல்வது பயன்தருமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
பயன்தரும். வெளிக்காற்றில் அவ்வாயு மில்லியனுக்கு ஏறத்தாழ 420 பங்கு. நாம் விடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. ஆகையால் அறையில் அளவு ஏற ஏற, பிறர் விட்ட மூச்சையே நாம் கூடுதலாக உள்ளிழுக்கிறோம் என்று கொள்ளலாம். கருவி கிருமியைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம். எத்தனை பேர் இருந்தனர், எத்தனை யன்னல்கள் திறந்திருந்தன, நேரம் என்ன என்பவற்றையும் உடன் குறிக்காவிட்டால் இலக்கத்துக்குப் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 ஆம் ஆண்டு வழிகாட்டி, இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது விடுதியில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லீற்றர் காற்றைக் கேட்கிறது. காற்றால் பரவும் நோய் உள்ளவர்களுக்கான அறைகளுக்கு 160.

பதில் 2 (கட்டடப் பொறியியலாளர்):
பெரு நாட்டின் லீமா நகரில் எட்டு வைத்தியசாலைகளின் 70 அறைகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார்கள். யன்னல்களைத் திறந்தபோது, உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட பழைய அறைகளில் காற்று மணிக்கு 40 தடவை மாறியது. புதியவற்றில் 17 தடவைதான். சோளகம் வீசும் எங்கள் ஊரில் பழைய விடுதியை இடித்துத் தாழ்ந்த கூரை போடுமுன் இதை யோசிக்க வேண்டும். சாதாரணச் சுவர்க் குளிரூட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளிருப்பதையே குளிராக்கிச் சுழற்றுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

பதில் 3 (தாதிய உத்தியோகத்தர்):
டெங்குக் காலத்தில் யன்னலைத் திறக்கச் சொன்னால் எங்களைத்தான் ஏசுவார்கள். அவர்களின் அச்சமும் நியாயமே. வலையடித்த யன்னலும் கட்டிலுக்கு நுளம்புவலையும் இல்லாமல் அறிவித்தல் ஒட்டிப் பயனில்லை. வலையில் படியும் தூசு காற்றை மறிப்பதால் அதைக் கழுவுவதும் அவசியம். பார்வையாளர் நேரத்தில் கருவியைக் காட்டி, யன்னலைத் திறந்ததும் இலக்கம் இறங்குவதை அவர்களே பார்க்கட்டும். அதற்குமுன் பணிப்பாளரின் அனுமதியைப் பெறுங்கள். ஆய்வாக வெளியிடுவதானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். கருவியை யன்னலோரத்திலோ ஒருவரின் முகத்தருகிலோ வைத்துவிடாதீர்கள்.