பின் கண்ணாடிக்கு மட்டும் ஃபிலிம்: ஒட்டலாமா, வேண்டாமா?

அஸ்தம்பட்டி செடான்:
வணக்கம். வீடு சேலம் அஸ்தம்பட்டியில், வேலை சங்ககிரியில். காலையில் மேற்கே போகிறேன், சாயங்காலம் கிழக்கே திரும்புகிறேன். அதனால் போகும்போதும் வரும்போதும் வெயில் முதுகுப் பக்கம்தான். வண்டி செடான், பின் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும். பள்ளி விடுமுறையில் பையனை சங்ககிரியில் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். பின் சீட்டில் உட்காரும் அவன் தலையிலும் கழுத்திலும்தான் அத்தனை வெயிலும் இறங்குகிறது. ஏப்ரல், மே மாதத்தில் சீட் பெல்ட் பூட்டைத் தொட்டால் சுடுகிறது. பக்கக் கண்ணாடிகளைத் தொடப் போவதில்லை. பின்னால் மட்டும் வெயிலைக் குறைக்கும் ஃபிலிம் ஒட்டலாம் என்று ஒரு கடையில் கேட்டேன். "ஐம்பது சதவீதம் வெளிச்சம் விடுறது போடுங்க, பின்னாடிதானே, யாரு பார்க்கப் போறா" என்றார்கள். மாதம் ஒருமுறையாவது ஏற்காடு போவோம், திரும்பும்போது இருட்டிவிடும். ஒட்டலாமா?

அடிவாரம் டாக்ஸி:
ஒட்டாதீங்க தம்பி. பின்னாடிதானே என்று சொன்னவர் ஏற்காட்டு மலைப்பாதையில் ராத்திரி வண்டி இறக்கியிருக்க மாட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விடணும், இறங்குகிறவர்தான் நிற்கணும். பஸ் ஒரே வெட்டில் திரும்பாது. மேலே நிற்கிற நம்மைப் பின்னால் எடுக்கச் சொல்லி லைட்டைக் காட்டுவார்கள். அப்போது பின்னால் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு நிற்கும் பைக். இத்தனையையும் நம்ம ரிவர்ஸ் லைட் வெளிச்சத்தில் பின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கணும். அந்த வெளிச்சமே சொற்பம். அதிலும் பாதியை ஃபிலிம் தின்றுவிட்டால் மிச்சம் என்ன? வருஷக்கணக்காக இந்தப் பாதையில் ஓட்டுகிறேன், பயந்து சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஃபிலிம் ஃபிட்டர்:
அண்ணா சொல்வது கறுப்பு ஃபிலிமுக்குச் சரி. ஆனால் ஃபிலிம் என்றாலே கறுப்பு என்கிற நினைப்பைக் கொஞ்சம் விடணும். வெயிலில் வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பாதிக்குக் கொஞ்சம் கீழே, மிச்சம் சிறு பங்கு புற ஊதா. சாயம் ஏற்றின மலிவு ஃபிலிம் வெளிச்சத்தை மறைத்துத்தான் சூட்டைக் குறைக்கும், இரண்டு மூன்று கோடையில் ஊதா நிறமாகவும் மாறிவிடும். செராமிக் ஃபிலிம் வெளிச்சத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பைத் தடுக்கும். கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் கிடைக்கிறது. பையன் தலையில் சுடுவது அதில் நிச்சயம் குறையும். எல்லா ஃபிலிமையும் ஒரே தராசில் போட்டு வேண்டாம் என்பது நியாயமில்லை.

கோர்ட் ரோடு:
வெளிச்சம், சூடு எல்லாம் அப்புறம். முதலில் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100: முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விடணும், பக்கக் கண்ணாடிகள் 50. அந்தக் கடைக்காரர் சொன்ன ஐம்பது பக்கத்துக்கு உரியது, பின்னாடிக்கு அல்ல. பின் கண்ணாடிக்கு முன் கண்ணாடியின் கணக்குத்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

அதற்கு மேல், 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் எந்த சதவீதமானாலும் கறுப்பு ஃபிலிமோ வேறு பொருளோ கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்றது. அந்த ஆண்டு மே 4 முதல் நடைமுறை. கம்பெனியிலேயே நிறம் ஏற்றி வரும் கண்ணாடி, வெளிச்ச அளவுக்குள் இருந்தால் தடையில்லை. அந்தத் தீர்ப்பு இன்றும் இருக்கிறது.

ஃபிலிம் ஃபிட்டர்:
மேடம், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். விதி 100 திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் முதல் சேஃப்டி கிளேசிங் என்ற வகையும் சேர்ந்திருக்கிறது. கண்ணாடியின் உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் உள்ளதும் அதில் அடங்கும். 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 அளவுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டியதற்காக அபராதம் போட முடியாது, அதை வண்டிக் கம்பெனிதான் செய்யணும், உரிமையாளர் செய்யக்கூடாது என்றும் சொல்ல முடியாது என்றது. இதையும் சேர்த்துத்தானே சொல்லணும்?

கோர்ட் ரோடு:
சொல்லலாம், அது முக்கியமான தீர்ப்புதான். ஆனால் கேரளத் தீர்ப்பை இங்கே வாதமாக வைக்கலாமே தவிர, அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஐந்து ரோடு சந்திப்பில் மறிக்கும் எஸ்.ஐ. அதைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து ஃபிலிம் ஒட்ட முடியுமா? முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1500. காசை விடுங்கள், நடு ரோட்டில் பையனை வண்டியில் வைத்துக்கொண்டு பிளேடால் உரிக்கச் சொன்னால் யாருக்குக் கஷ்டம்?

இன்னொன்று, நீங்கள் காட்டிய தீர்ப்பும் 70 இருக்கணும் என்றுதான் சொல்கிறது. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து 70. அந்த சேர்ந்து என்பதைக் கடைகளில் யாரும் வாய் திறந்து சொல்வதே இல்லை. நம்ம வண்டிகளின் இளம்பச்சைக் கண்ணாடி பெரும்பாலும் 75, 80 பக்கம்தான் வரும். 75 உள்ள கண்ணாடியில் 70 ஃபிலிம் ஒட்டினால், 75இல் 70 சதவீதம், அதாவது 52. கடைக்காரர் சொன்ன 50 ஒட்டினால் 37. நிறமே இல்லாத 90 ஃபிலிம் ஒட்டினாலும் 67, அப்போதும் தப்புத்தான்.

அஸ்தம்பட்டி செடான்:
இந்தக் கணக்கை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படியானால் சட்டப்படி பின்னால் ஒட்டவே முடியாதா?

ஃபிலிம் ஃபிட்டர்:
கண்ணாடி 80 இருந்து, ஃபிலிம் 90 என்றால் 72 வரும். பெருக்கல் தோராயம்தான். ஃபிலிம் பெட்டியில் இருக்கும் எண்ணையே பல கம்பெனிகள் சாதாரணத் தெளிவான கண்ணாடியில் ஒட்டித்தான் அளந்திருப்பார்கள், அதனால் ஒட்டினபின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் காட்டுவது கொஞ்சம் ஏறி வரலாம். மீட்டர் வைத்து வெறும் கண்ணாடியை முதலில் அளக்கணும். மீட்டர் இல்லாத கடையில் பின் கண்ணாடி வேலை கொடுக்கவே கொடுக்காதீர்கள், நானே சொல்கிறேன்.

வேலையும் லேசானது அல்ல. பின் கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்தது, தட்டையான ஃபிலிம் அப்படியே உட்காராது. கண்ணாடியின் வெளிப்பக்கம் பவுடர் தடவி, ஃபிலிமை விரித்து, மேலும் கீழும் எழும்பி நிற்கும் மடிப்புகளை ஹீட் கன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவோம். ஒரே இடத்தில் சூடு நின்றால் கண்ணாடி பொரி மாதிரி சிதறிவிடும், பின் கண்ணாடி டெம்பர்ட் வகை. வளைவுக்குப் படிந்ததும் ஓரம் வெட்டி, உள்ளே கொண்டுபோய் ஷாம்பு தண்ணீர் தெளித்து ஒட்டணும். அந்தத் தண்ணீர் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்குள் இறங்காமல் துண்டு போட்டு மூடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடிவாரம் டாக்ஸி:
ஒட்டுவதைச் சொன்னீர்கள், உரிப்பதைச் சொல்லவில்லையே. பின் கண்ணாடியில் பனி போக்கும் கோடுகள் உட்பக்கம்தான் இருக்கின்றன. ஃபிலிம் அதன் மேல்தான் ஒட்டும். நாளைக்கு போலீஸ் சொல்லியோ பிடிக்காமலோ பிளேடு வைத்துச் சுரண்டினால் கோடு அறுந்துவிடும். கூட ஓட்டும் ஒருவர் வண்டியில் அப்படித்தான் நான்கு கோடு போயிற்று. மேல் பாதி தெளிகிறது, கீழ் பாதி அப்படியே மூடியிருக்கிறது. கீழே சேலத்தில் அந்தக் கோடுகள் யாருக்கும் தேவைப்படாது. மழைக்காலத்தில் ஏற்காட்டில் நாலு பேர் உள்ளே உட்கார்ந்து மூச்சு விட்டால் கண்ணாடி வெள்ளையாகிவிடும், அப்போது அதுதான் கண்.

ஃபிலிம் ஃபிட்டர்:
அது சுரண்டினவர் தப்பு. ஆவி அடித்து, பசை இளகவிட்டு, மெதுவாக உரித்தால் கோடு போகாது. பின் கண்ணாடியில் பிளேடு எடுக்கவே கூடாது. புது ஃபிலிம் காயும் வரை டிஃபாகர், அதாவது அந்தப் பனி போக்கும் கோடுகளை, போடாமல் இருக்கணும், சேலம் வெயிலில் சீக்கிரம் காயும், ஏற்காட்டு ஈரத்தில் இழுக்கும். அப்புறம் இந்தக் காலத்தில் ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே அண்ணா?

அடிவாரம் டாக்ஸி:
மூடுபனியில் கேமரா லென்ஸில் ஒரு சொட்டு தண்ணீர் நின்றால் திரையில் என்ன தெரியும்? கேமரா பம்பருக்குப் பின்னால் இருக்கும் கல்லைக் காட்டும். மேல் வளைவில் இருந்து வேகமாக இறங்கிவரும் வண்டியை கண்ணாடிதான் காட்டும்.

கோர்ட் ரோடு:
அண்ணா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். மீட்டரை கண்ணாடியோடு ஒட்ட வைத்து நேராக அளக்கிறோம். ஆனால் ஓட்டுபவர் தலைக்கு முன்னால் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடி வழியாக, செடானின் சாய்ந்த பின் கண்ணாடியைப் படுக்கையான பார்வையில் பார்க்கிறார். சாய்வாகப் பார்க்கும்போது பிரதிபலிப்பு கூடி, வருகிற வெளிச்சம் குறையும். மீட்டரில் 72 என்று காட்டினாலும் கண்ணுக்கு அத்தனை கிடைக்காது. ஹேட்ச்பேக் போல நிமிர்ந்த கண்ணாடிக்கு இந்தக் குறை அவ்வளவு இல்லை.

ஃபிலிம் ஃபிட்டர்:
அது வெறும் கண்ணாடிக்கும் உள்ள குறைதானே மேடம். அதற்காக குழந்தையை வெயிலில் உட்கார வைப்பதா? தினமும் இரண்டு வேளை வெயில், மாதம் ஒரு நாள் மலை. எதை வைத்து முடிவு செய்வது?

அடிவாரம் டாக்ஸி:
மாதம் ஒரு நாள் என்றாலும் அந்த ஒரு நாளில் பையன் அதே பின் சீட்டில்தான் இருப்பான். வெயிலுக்கு வேறு வழி இருக்கிறது தம்பி. ஆபீஸில் நிறுத்தும்போது பின் கண்ணாடிக்கு உள்ளே மடக்குத் திரை போடுங்கள், பூட்டு சுடுவது நின்றுவிடும். கிளம்பும்போது எடுத்து டிக்கியில் போட்டுவிடுங்கள், ஓடும்போது வேண்டாம். ஏறுவதற்கு முன் நாலு கதவையும் திறந்துவிட்டு அனலை வெளியே விடுங்கள்.

அஸ்தம்பட்டி செடான்:
எல்லோருக்கும் நன்றி. மீட்டர் உள்ள கடையைத் தேடி சனிக்கிழமை வெறும் கண்ணாடியை அளக்கிறேன். 80க்குக் கீழே வந்தால் பேச்சே இல்லை, திரைதான். மேலே வந்தால் 90 செராமிக் பற்றி மறுபடி கேட்கிறேன். அண்ணா, நீங்கள் அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வீர்களா?

அடிவாரம் டாக்ஸி:
ஆமாம். ஆனாலும் ஒட்டுவதாக முடிவு செய்தால், ஒட்டும் முன் அந்தத் துண்டு ஃபிலிமைக் கையில் வாங்கிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கோரிமேடு தாண்டி அடிவாரம் வாருங்கள். பின் கண்ணாடிக்கு உள்ளே அதைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் ஸ்டாண்டில்தான் இருப்பேன்.