தொழிலாளர் வருகிற எங்களூர் விஞ்ஞானக் கதைகள்: உங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிற இடம் எது?

பனங்கூடல்

நானே தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில், வடமராட்சிப் பக்கம் ஒரு வாசிகசாலை, பின்னேரக் கூட்டம். கம்பஸில் படிக்கிற பெடியன் ஒருவன் தான் எழுதிய கதையை வாசித்தான். பனை ஏறும் மிசின் வருகிறது, அதை ஓட்டத் தெரிந்தவனுக்குச் சம்பளம், ஏறத் தெரிந்தவனுக்கு வேலை இல்லை. இப்படியான கதைகள் உங்களுக்கும் தெரிந்தவைதான். பின்வரிசையில் பனையில் கள்ளுச் சீவுகிற வயதுபோன தொழிலாளி ஒருவர் இருந்தார். வாசித்து முடிந்ததும் எழும்பி, "தம்பி, உந்த மிசின் பாளையைத் தட்டுமோ?" என்று கேட்டார். பெடியனுக்கு விளங்கவில்லை. ஐயா தன் இடக்கைச் சுட்டுவிரலைப் பாளையாக நீட்டி, வலக்கையைக் கத்தியாக்கி நுனியில் மெல்லிசாக ஒரு சீவு சீவிக் காட்டினார். "தட்டித் தட்டிப் பதமாக்க வேணும், பிறகு காலமையும் பின்னேரமும் இவ்வளவுதான் சீவ வேணும். கூடச் சீவினால் பாளை கெதியா முடிஞ்சுபோகும். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பணி, பூசாட்டிக் கள்ளு. இதெல்லாம் ஆர் அதுக்குச் சொல்லிக் குடுக்கிறது?"

அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எதிர்காலத்தைப் பற்றி ஒருவன் எழுதுகிறான், அதைத் திருத்திச் சொல்லத் தகுதியான ஆள் பின்வரிசையில் இருக்கிறார். வேறு எந்த வகைக் கதையிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

தோட்டக்காரி

எனக்கு அம்மா. வலிகாமத்தில் கிணறுகளுக்கு மீற்றர் பூட்டியிருக்கிற காலத்துக் கதை, வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணி மாறுகிற ஒரு பெண்தான் அதில் முக்கியமான ஆள். இன்றைக்கு இறைத்தது போதும் என்று மீற்றர் பம்பை நிற்பாட்டிவிடும். அவள் வாய்க்கால் தண்ணியைக் கையில் ஏந்தி நக்கிப் பார்த்து, மீற்றருக்குத் தெரியாத உப்பைக் கண்டுபிடிப்பாள். இங்கே வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைதான் கிணறு, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் உள்ளே வரும். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். பாதியில் மறித்து, "இது நடந்ததெல்லோ, இதை ஏன் கதை எண்டு சொல்லுறாய்?" என்றா. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, 2015இல் சனம் பவுசரில் (தண்ணி லொறியில்) வந்த தண்ணிக்கு வாளியோடு நின்றதை அவ நினைத்திருக்கிறா. கதை நடப்பது 2070இல் என்றேன். "அப்ப இன்னும் திருந்தேல்லையோ" என்று கேட்டா, நான் மேலே வாசிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

கொக்குவில் வான்

இரண்டு பேரும் சொன்னது நல்ல கதைகள்தான். ஆனால் மண்வாசனைக் கதைக்குள் ஒரு மிசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அது விஞ்ஞானப் புனைகதை ஆகிவிடாது. ஆங்கில விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இருந்து இந்த நாட்டில் வாழ்ந்தவர். 1979இல் வந்த அவருடைய 'The Fountains of Paradise' நாவலில் பூமியில் இருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுவார்கள். அப்படியான கம்பியை மத்தியகோட்டில்தான் நிறுத்தலாம், மேலே 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு நிலையம் பூமியோடு சேர்ந்து சுழல வேண்டும். அதற்காக இலங்கையையே தெற்கே நகர்த்திவிட்டார் மனிதர்! பள்ளிக்கூட நாளில் அதைப் படித்த இரவு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்து வானத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்த வியப்பு இல்லாமல் கூலி, வெங்காயம் என்று மட்டும் எழுதினால் பிறகு எதற்கு விஞ்ஞானம்?

டைனமோ

கொக்குவில் அண்ணை, வியப்பு வானத்தில் மட்டுமா இருக்கிறது? நான் யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்துப் பிள்ளை. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ போடுவார், இரவில் பிபிசி தமிழோசை கேட்க ஒழுங்கை முழுக்க எங்கள் முற்றத்துக்கு வரும். அப்பாவின் கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இறங்கிப்போகும், யாராவது பாய்ந்து பெடலைப் பிடிப்பார்கள். மோட்டார்சைக்கிளுக்குப் பிளக்கில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினதும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும் அந்தக் காலம்தான். இதைக் கண்டுபிடித்த ஆட்களில் ஒருவருக்கும் பட்டம் இல்லை. அந்த லிஃப்ட் கம்பிக்கு யார் கிறீஸ் பூசுவார், அவருக்கு நாட்சம்பளம் எவ்வளவு, இதைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.

ஓய்வு ஆசிரியர்

என் அனுபவம் சிறியது. மாணவி ஒருத்தி, தையல் ஆலையில் வேலை செய்கிற பிள்ளை, தன் ஆலையை நூறு வருடம் தள்ளி வைத்து எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். அங்கேயும் மலசலகூடத்துக்குப் போக அனுமதி கேட்க வேண்டும், கேட்பது ஒரு கணினியிடம். அந்த வரியில் என் பென்சில் நின்றுவிட்டது.

இனி எழுதப் போகிற பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. தொழிலாளியைப் பரிதாபத்துக்காகக் கதைக்குள் கொண்டுவராதீர்கள், அவருக்குத் தன் வேலை தெரியும், அந்த அறிவுதான் கதை. மிசின் பழுதானால் சாமான் எங்கே வாங்குவது, கடன் யாரிடம் என்று எழுதுங்கள். அப்புறம் சாதி. பனங்கூடல் சொன்ன கதையில் பனை ஏறுவதை மிசின் எடுத்துக்கொண்டதாம், சரி, ஏறினவரின் பேத்தியை ஊர் எப்படிக் கூப்பிடுகிறது? 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல் மறித்ததைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு எழுதுகிறீர்கள், 2080 என்று போட்டுவிட்டால் அது தானாக மறைந்துவிடாது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே 1966இல் 'மல்லிகை' இலக்கிய இதழைத் தொடங்கினார், கதிரையில் இருந்தவரோடு இலக்கியம் கதைத்தவர். இங்கே தொழிலாளரைப் பற்றி எழுதிய முன்னோடிகள் பலர் தாங்களே தொழிலாளர். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களுக்கும் அந்த வழி திறந்துதான் கிடக்கிறது, மெக்கானிக்குகளும் மீன்பிடிக்கிறவர்களும் எழுத வேண்டும். கொக்குவில் தம்பி கேட்ட வியப்பும் அவர்களிடம் இருந்து வரும், கொஞ்சம் பொறுங்கள்.

பன்னிரு பாகம்

ஆசிரியர் ஐயா கடன் என்று எழுதியதும் இது ஞாபகம் வந்தது. குருநகரில் என் சித்தப்பா, கடற்றொழில். றோலர் (இழுவைப் படகு) வந்து வலையை அறுக்கிற இரவுகளில் முன்கூட்டியே கத்துகிற மிதவை ஒன்றைப் பற்றிய கதை, வாடியில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவருக்கு வாசித்தேன். மிதவை கடலுக்கடியில் எஞ்சின் சத்தத்தைப் பிரித்தறிவது, ஒன்றோடொன்று கதைப்பது எல்லாவற்றையும் தலை நிமிராமல் கேட்டார். பிறகு ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, "பற்றரி ஆற்றை காசு?" என்றார். கதையில் அதற்குப் பதில் இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டி வாசித்தேன்: பாதி சங்கம், மீதியைச் சம்மாட்டி (படகு முதலாளி) போட்டு மீனில் கழிப்பார்.

"அப்ப நடக்கும். மிச்சத்தை வாசி."